உடைப்பதற்கென்று வைத்த கியூப்கள்

எங்கள் வீட்டு ஷோகேஸின் நடுத் தட்டில் ஒரு கான்கிரீட் கட்டை இருக்கிறது. என் கல்யாணப் போட்டோவை ஓரமாக நகர்த்திவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான சதுரக் கட்டை, தூக்க இரண்டு கையும் வேண்டும். நிறம் வழக்கமான சாம்பல் இல்லை. புதிதாகப் பூ பூத்த மாதிரி ஒரு லேசான சிவப்பு. என் நாத்தனார் கண்டுபிடித்த கலவையில் வார்த்த முதல் கட்டை அது. கொண்டுவந்து வைத்தவர் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் மெல்லிய துணியால் துடைக்கிறவரும் அவரே.

நான் ரெடிமிக்ஸ் கம்பெனியில் இன்ஜினியர். சோதனைக் கூடம் என் பொறுப்பு. லாரியில் போகிற கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் நிரப்புவேன். மறுநாள் அச்சைக் கழற்றி, கட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவேன். இருபத்தெட்டாம் நாள் மெஷினில் வைத்து, அது உடைகிற வரைக்கும் அமுக்குவேன். எந்த அழுத்தத்தில் உடைந்ததோ அந்த எண்தான் கட்டடத்தின் ஜாதகம். அந்தக் கட்டையை நாங்கள் கியூப் என்போம். கம்பெனியில் எல்லோருக்கும் நான் கியூப் அக்கா. இத்தனை வருஷத்தில் நான் உடைத்ததை அடுக்கினால் எங்கள் தெருவுக்கே மதில் கட்டலாம். அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவா, பார்க்கலாம் என்று என் கணவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

நாத்தனாரைக் கம்பெனிக்குள் கொண்டுவந்ததே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அவள் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். "உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன், பாப்பாவுக்கு ஒரு வழி பண்ணு" என்று இவர் என்னைப் பிடுங்கி எடுத்தார். முப்பது வயது தாண்டியும் அவள் எங்கள் வீட்டில் பாப்பாதான். சொன்னேன். சேர்ந்தாள். சேர்ந்த சூட்டோடு முதலாளி அறையில் வெள்ளைப் பலகை முன்னால் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தாள்.

"சார், சிமென்ட் செய்யணும்னா சுண்ணாம்புக் கல்லைச் சூளையில போட்டு எரிக்கறாங்க. அடுப்புப் புகை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கல்லு வேகும்போது தனக்குள்ள இருக்கற கரியமில வாயுவை வெளிய விடுது. அதுதான் பெரிசு. உலகமே சூடாகறதுல நம்ம லாரிக்கும் பங்கு இருக்கு."

"அதுக்கு நாம என்னம்மா பண்றது? மூச்சு விடாதேன்னு கல்லுகிட்ட சொல்ல முடியுமா?" என்றார் முதலாளி.

"கல்லைக் குறைச்சுக்கலாம் சார். பாதி சிமென்ட்டை எடுத்துட்டு, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியும் போடலாம். களிமண்ணுக்கு அவ்வளவு சூடு வேண்டாம். வேகும்போது அந்த வாயுவும் வராது."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றம்மா?"

"கட்டடம் கட்டப் போறோமா, பானை செய்யப் போறோமா சார்?" என்றேன்.

அறையே சிரித்தது. பாப்பாவும் சிரித்தாள், எல்லோரையும் விட அதிகமாக. குத்த வேண்டும் என்று சொன்னதை அவள் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டதில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முதலாளி செய்து பார்க்கச் சொன்னார். சிவப்பாக முதல் கியூப் வந்ததிலிருந்து கம்பெனி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பத்திரிகையிலிருந்து வந்தார்கள். சோதனைக் கூடத்தில், என் மெஷினுக்குப் பக்கத்தில், என் தொட்டிக்கு முன்னால் அவளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். "அண்ணி, நீங்களும் வாங்க" என்று என்னையும் இழுத்து நிறுத்தினாள். மறுநாள் படம் வந்தது. அவள் முழுசாக இருந்தாள், சிவப்புக் கியூப் முழுசாக இருந்தது, என்னுடையது என்று பார்த்தால் ஒரு முழங்கை. என் கணவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டம் போட எடுத்துப் போனார். இடம் போதவில்லை என்று கடைக்காரர் ஓரத்தை மடித்தாராம். முழங்கையும் போயிற்று.

மாமியாருக்கு வாயெல்லாம் பல். போனில் யார் கூப்பிட்டாலும் இதே பேச்சு. "என் பொண்ணு உலகத்தையே காப்பாத்தப் போறா. மருமகளும் அங்கதான் இருக்கா, கூடமாட ஒத்தாசைக்கு." கூடமாட ஒத்தாசை! நான் அந்தச் சோதனைக் கூடத்தில் அடியெடுத்து வைத்தபோது பாப்பா பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் மென்று விழுங்கியிருப்பேன். ஆனால் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் என்று ஒரு பதவி புதிதாக வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அது எனக்குத்தான் என்று நான் மட்டுமில்லை, லாரி ஓட்டுகிறவர்கள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டபோது மோவாயைத் தடவினார்.

"புதுசா கட்டற பள்ளிக்கூடத்துக்குப் பாப்பா கலவையிலதான் தளம் போடப் போறோம், அது நல்லபடியா முடியட்டும்மா. பாப்பாவோட கலவை பாஸ் ஆயிடுச்சுன்னா அந்தப் பொண்ணுக்குத்தான் கொடுக்கணும். இல்லேன்னா, நீ இருக்கவே இருக்க."

இல்லேன்னா நான் இருக்கவே இருக்கிறேன். அவர் வெள்ளை மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் அந்த 'இல்லேன்னா' காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அவள் கலவை தோற்க வேண்டும். அது தோற்றால் போதும்.

அதனால் அந்தக் கலவையை நான் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மற்றவர்கள் "சூப்பர் மேடம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போன பிறகு, நான் உட்கார்ந்து சிவப்புக் கியூப்களின் முகங்களைத் தடவிப் பார்ப்பேன். எங்கே ஓட்டை, எங்கே வெடிப்பு, எந்த மூலை உதிர்கிறது என்று தேடினேன். ஒரே ஒரு குறை அகப்பட்டது. முதல் நாள் அது சோம்பேறி. சாதாரண கான்கிரீட் மறுநாள் காலையில் அச்சைக் கழற்றினால் கல் மாதிரி நிற்கும். இது இன்னும் ஒரு நாள் கேட்கும். அதற்குள் கழற்றினால் ஓரங்கள் பிஸ்கட் மாதிரி உதிரும். பிறகு கெட்டிப்படத் தொடங்கினால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், அது வேறு விஷயம். இந்தக் குறையைச் சரியான நேரத்தில் மேஜையில் போட்டு உடைக்கலாம் என்று காத்திருந்தேன். அடுத்த கூட்டத்தில் பாப்பா தானே எழுந்து, "இதுக்கு ஒரு பலவீனம் இருக்கு. அச்சுல ரெண்டு நாள் இருக்கணும், அவசரப்படக் கூடாது" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். எனக்கென்று இருந்த ஒரே குறையையும் பிடுங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தின் முதல் தளம் போடுகிற நாள் வந்தது. புதுக் கலவை என்பதால் கட்டட ஆலோசகர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கம்பெனி தன் சரக்குக்குத் தானே சான்று கொடுக்கக் கூடாது, கியூப்களைக் கட்டட இடத்திலேயே வார்த்து வெளிச் சோதனைக் கூடத்தில் உடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதாவது எனக்கு அங்கே வேலையே இல்லை. யாருக்கும் இது உறைக்கவில்லை, பாப்பாவுக்கு உள்பட. லாரிகள் வரிசையாகக் கிளம்பின. அவள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு முதல் லாரியில் ஏறி முன்னாலேயே போய்விட்டாள், அங்கே மறுபடி பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களாம்.

நான் அடுத்த லாரியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். வாளியில் கான்கிரீட் பிடித்தேன். ஆறு அச்சுகளை நிரப்பி, கம்பியால் குத்தி, மேலே மட்டம் பண்ணி, ஈரச் சாக்கு போட்டு மூடி, பழைய சல்லடைகள் வைத்திருக்கும் மூலையில் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. இந்தக் கான்கிரீட் தோற்கிற நாளில் அதை என் கையால் உடைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். இரண்டு நாள் பொறுத்து அச்சைக் கழற்றி, தொட்டியில் கடைசி வரிசையில், சாம்பல் கியூப்களுக்குப் பின்னால் இறக்கினேன்.

ஏழாம் நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மூன்றை எடுத்து உடைத்தேன். அழுத்தம் காட்டுகிற முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நான் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டியது, நான் பயந்த இடத்தையும் தாண்டியது. உடைந்தபோது இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் உடுக்கை மாதிரி நின்றது. நல்ல கியூப் அப்படித்தான் உடையும். மூன்றும் அதே மாதிரி உடைந்தன. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீதி மூன்றை இருபத்தெட்டாம் நாளுக்கு விட்டுவைத்தேன். அதற்குள் ஏதாவது ஒரு வழி பிறக்காதா என்று ஒரு நப்பாசை.

பிறந்தது. இருபத்தெட்டாம் நாள் மத்தியானம் வெளிக் கூடத்திலிருந்து முடிவு வந்தது. தேவையான பலத்தில் முக்கால் பங்குகூட இல்லை. மூன்று கியூப்களுமே தோல்வி.

முதலாளி அறையில் எல்லோரும் கூடினோம். ஆலோசகர் போனில் ஒலிபெருக்கி வழியாகப் பேசினார். "நாளைக்கு மத்தியானம் நேர்ல வரேன். எனக்கு வேற வழி தெரியல. தளத்தை இடிக்க வேண்டியதுதான்." பாப்பா முடிவு வந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்கிற மாதிரி.

எனக்கு இனித்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? நாக்கில் கற்கண்டு வைத்த மாதிரி இனித்தது. "பரவாயில்ல பாப்பா, ஆராய்ச்சின்னா இதெல்லாம் சகஜம்" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அந்த வாசகத்தை மனசுக்குள் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, டீ வரவழைத்து, ரசித்துக் குடித்தேன்.

பாதி டம்ளரில்தான் அது நெஞ்சில் இடித்தது. ஏழாம் நாளே இந்தக் கான்கிரீட் என் கையில் அதைவிட அதிகமாகத் தாங்கியது. அதே நாள் சரக்கு, அதே கலவை. நாளாக ஆகக் கெட்டிப்படுகிற பொருள் எப்படி இறங்கும்? எண் பொய் சொல்கிறது. யார் தோற்றாலும் எனக்குப் பரவாயில்லை, ஆனால் பொய் எண்ணைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. அது என் பிறவிக் கோளாறு.

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போகாமல் நேரே அந்த வெளிக் கூடத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்கிறவர்கள் எனக்குப் பழக்கம். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் நடந்தேன். எல்லாச் சோதனைக் கூடத்துக்கும் பின்னால் ஒரு குவியல் இருக்கும், உடைத்துப்போட்ட கியூப்களின் குவியல். சாம்பல் நிறச் சில்லுகளுக்கு நடுவில் சிவப்பைத் தேட வேண்டியதே இல்லை, அதுவே கண்ணில் குத்தியது.

குனிந்து எடுத்தேன். இது உடுக்கை மாதிரி உடையவில்லை. ஒரு பக்கத்து மூலை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி பிய்ந்திருந்தது. புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பினேன். சிவப்புக் கட்டையின் ஓரம் முழுக்க, தோல் மாதிரி மெல்லிசாக, சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. அந்த இடம் சற்றே புடைத்தும் இருந்தது. சாதாரண சிமென்ட். மற்றவர்கள் பார்த்திருந்தால் அழுக்கு என்று விட்டிருப்பார்கள். நான் அந்தச் சிவப்பை அவ்வளவு வெறுத்திருந்தேன், அதில் ஒரு பொட்டு நிறம் மாறினாலும் எனக்குத் தெரியும். குவியலில் கிடந்த மற்ற இரண்டையும் பார்த்தேன். அவற்றிலும் அதே தோல்.

பள்ளிக்கூடக் கட்டடத்து சூப்பர்வைசரை அங்கிருந்தே கூப்பிட்டேன்.

"அந்த சிவப்பு கியூப்போட ஓரத்துல என்ன தடவினீங்க?"

"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" அவர் குரலில் பெருமைதான் இருந்தது, பயம் இல்லை. "மறுநாள் காலைல கியூப்பையும் போட்டோ எடுக்க வர்றாங்கன்னு அச்சைக் கழட்டினேன். மூலையெல்லாம் பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு. பேப்பர்ல வரப்போற பொருளாச்சே, மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் சிமென்ட் குழைச்சு நேர் பண்ணி, நம்ம குழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி போட்டு விட்டேன். எங்க மேடத்துக்காகத்தானே."

"ரெண்டு நாள் விடணும்னு பாப்பா சொல்லலியா?"

"சொன்னாங்க. ஆனா போட்டோக்காரங்க ரெண்டு நாள் நிப்பாங்களா?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. மேடு பள்ளமான முகத்தில் மெஷின் அமுக்கினால் பாரம் முழுக்க அந்தப் புடைப்பில்தான் இறங்கும். மூலை பிய்யும், எண் இறங்கும். கலவையில் ஒரு குற்றமும் இல்லை. அவள் பேரும் புகழும்தான் அவள் கியூப்பைக் கெடுத்தன.

ஒரு துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோர இருக்கை. பஸ் ஒரு சாக்கடைப் பாலத்தின் மேல் நின்றது, முன்னால் ஏதோ நெரிசல். கையை நீட்டிப் போட்டால் முடிந்தது. ஒரு கல்லுத்துண்டு, யார் கேட்கப் போகிறார்கள்? பதவி எனக்கு. பாப்பா வேறு வேலைக்குப் போவாள். ஷோகேஸில் என் கல்யாணப் போட்டோ நடுவுக்கு வரும். கையைப் பைக்குள் விட்டுத் துண்டைப் பிடித்துக்கொண்டேன், ஓரம் உள்ளங்கையில் குத்தியது.

அப்போது என் கணவர் போன் பண்ணினார். "பாப்பா நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலியாம். வேலைய விட்டுடறேன்னு அழுவுறா. இந்த உலகத்துக்கு அவ அருமை தெரியல. நீயாவது அவகிட்ட கொஞ்சம் ஆறுதலா பேசு, என்ன?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஜெயித்த நாத்தனாரோடாவது ஒரு நாள் பழகிக்கொள்ளலாம். தோற்கடிக்கப்பட்ட மேதையான நாத்தனாரோடு குடும்பம் நடத்த முடியாது. சாகும்வரைக்கும் இந்தப் பாட்டுதான். ஷோகேஸில் இருக்கிற கட்டை இன்னும் உயரமான தட்டுக்குப் போகும். அது மட்டுமில்லை. அந்தத் தளத்தை இடிப்பார்கள். அது எப்பேர்ப்பட்ட கான்கிரீட் என்று இந்த ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், என் கையால் அமுக்கிப் பார்த்தவள். தெரிந்துகொண்டே அதன் மேல் கடப்பாறை இறங்குவதைப் பார்க்க வேண்டும். நான் பொறாமைக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். புளுகுக்காரி இல்லை. அழுகை வந்தது, ஆத்திரத்தில். பஸ் நகர்ந்தது. துண்டு பையிலேயே இருந்தது.

மத்தியானக் கூட்டத்தில் அதை முதலாளியின் மேஜையில் வைத்தேன். ஆலோசகர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். விஷயத்தைச் சொன்னேன், சூப்பர்வைசர் தடவிய பவுடர் உள்பட. பாப்பா எழுந்து வந்து அந்தச் சாம்பல் தோலை நகத்தால் சுரண்டினாள். உரிந்து வந்தது.

ஆலோசகர் தலையாட்டினார். "கியூப் கெட்டுப்போச்சுன்னு இது காட்டுதும்மா. தளம் நல்லா இருக்குன்னு காட்டலையே. அன்னிக்குப் போன அதே சரக்குல வேற கியூப் ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்" என்றாள் பாப்பா.

"இருக்கு" என்றேன். "மூணு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எதுக்கும்மா எடுத்து வச்ச? உன்னை யாரும் எடுக்கச் சொல்லலியே?" என்றார் முதலாளி.

அழகான பதில் ஏதாவது வரும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். வரவில்லை. "இது தோத்துப் போறதை என் கண்ணால பாக்கணும்னு எடுத்து வச்சேன் சார்" என்றேன்.

முதலாளி இருமினார். ஆலோசகர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். பாப்பா மட்டும் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சோதனைக் கூடத்துக்குப் போனோம். தொட்டியின் கடைசி வரிசையில் கையை விட்டு மூன்றையும் எடுத்தேன். துடைத்தேன். மட்டம் பண்ணின மேல்முகம் பக்கவாட்டில் வருகிற மாதிரி திருப்பி மெஷினில் வைத்தேன். ஆலோசகர் முள்ளுக்கு நேரே நின்றார். பிடியைத் திருகினேன். முள் ஏறத் தொடங்கியது. உடைந்து தொலை என்று ஒரு மனசு. உடைந்துவிடாதே என்று இன்னொரு மனசு. எது பெரியது என்று அப்போதும் சொல்லத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. முள் தேவையான எண்ணைத் தொட்டது, கடந்தது, ஏதோ அவசர வேலையாகப் போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டம்மென்று ஒரு சத்தம். மெஷினைச் சுற்றியிருக்கும் கூண்டைத் திறந்தால் நடுவில் சிவப்பாக ஓர் உடுக்கை. இரண்டாவதும் அப்படி. மூன்றாவது முதல் இரண்டையும் தாண்டியது.

"தளத்துல துளை போட்டும் ஒரு துண்டு எடுத்துப் பாத்துடுவோம்" என்றார் ஆலோசகர். "அதுவரைக்கும் யாரும் கடப்பாறையைத் தொட வேண்டாம்."

எடுத்தார்கள். அதுவும் பாஸ். பள்ளிக்கூடத்தின் அடுத்த தளத்துக்கும் அதே கலவை என்று முடிவாயிற்று. தரக்கட்டுப்பாட்டுத் தலைவராகப் பாப்பாவை அறிவித்தார்கள். முதலாளி என்னைப் பற்றியும் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். 'இருக்கவே இருக்க' என்பதை இந்த முறை எல்லோர் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கிற அளவுக்கு.

வீட்டில் இவர் கண் கலங்கிவிட்டார். "யாரும் சொல்லாமயே மூணு எடுத்து வச்சியாமே! எனக்குத் தெரியும், உனக்குப் பாப்பான்னா உயிர்." முதலாளியிடம் சொன்ன உண்மையை இவரிடம் இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லை.

அடுத்த தளம் போடுகிற நாள் காலையில் பாப்பா சோதனைக் கூடத்துக்கு வந்தாள். என் புது அதிகாரி. கதவைச் சாத்திவிட்டு, நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அச்சுகளைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க தனியா கியூப் எடுத்தது எனக்கு முன்னாடியே தெரியும்."

அச்சைக் கீழே வைத்தேன்.

"முதல் தளம் போட்ட அன்னிக்கு ஆறு அச்சு குறைஞ்சுது. அப்புறம் தொட்டியில கடைசி வரிசை கலங்கியிருந்துது. கூட்டத்துல ஆலோசகர் கேட்டப்போ இல்லைன்னுதான் சொன்னேன். எடுத்தது நீங்க. அதை இருக்குன்னு சொல்றதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்னு இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்களே." அவள் ஓர் அச்சை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். "எல்லாரும் சூப்பர் சூப்பர்னு சொல்லி, பவுடர் பூசி விட்டுடறாங்க அண்ணி. அண்ணன் உள்பட. எனக்கு பயமா இருக்கு. இது நிஜமா தாங்குமா தாங்காதான்னு எனக்காக யாரும் பாக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் தாங்கக் கூடாதுன்னு பாக்கறீங்க. தயவு பண்ணி அதை விட்டுடாதீங்க."

சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் திரும்பி, "இந்த தடவை சிமென்ட் இன்னும் குறைச்சிருக்கேன்" என்றாள்.

படத்தை எடுத்துக்கொண்டாள், பதவியை எடுத்துக்கொண்டாள், என் கல்யாணப் போட்டோவின் இடத்தை எடுத்துக்கொண்டாள். பொறாமை ஒன்றாவது எனக்கே எனக்கென்று இருந்தது. இப்போது அதற்கும் சம்பளம் போட்டு வேலைக்கு வைத்துவிட்டாள். வயிறு பழையபடி பற்றிக்கொண்டு எரிந்தது. வெளியே லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. டிரைவரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, இந்த முறையாவது இது உடைந்து தொலையட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு, மிச்ச அச்சுகளுக்கு எண்ணெய் தடவினேன்.